மருத்துவமனையில் பச்சை: சேலம், நாமக்கல் பகுதியில் செவிலியரும் நோயாளிகளும்

பச்சை குத்துதல் என்பது ஊசியால் தோலைக் குத்தி, மேல்தோலுக்குக் கீழே உள்ள அடித்தோலில் நிறமியைச் செலுத்தி, அழியாத கோடுகளையும் எழுத்துகளையும் உருவாக்கும் முறை. தமிழகத்தில் இது நெடுங்கால வழக்கம். இன்று 'டாட்டூ' என்ற பெயரில் நகரக் கடைகளில் இயந்திர ஊசியால் குத்தப்படுவதும் இதுவே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்ற எண்ணம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. அந்த எண்ணம் நன்றாக வெளிப்படும் இடங்களில் ஒன்று மருத்துவமனை வார்டு. கட்டிலில் படுத்திருக்கும் மூதாட்டியின் முன்கை முழுவதும் கோலமும் தேளும் இருக்கும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அவருக்கு ஊசி போட வரும் இளம் செவிலியரின் மணிக்கட்டில் ஒரு சிறு பட்டாம்பூச்சி இருந்தால் பலரது பார்வையும் அதில் போய் நிற்கும். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, அதில் மருத்துவக் காரணம் எவ்வளவு, பழக்கத்தின் காரணம் எவ்வளவு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டமானது. தறி, மரவள்ளி, கோழிப் பண்ணை, லாரி, போர்வெல் வண்டி ஆகியவற்றை நம்பி வாழும் சமவெளி இது. 1986-இல் தொடங்கப்பட்ட சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இப்பகுதிக்கு முதன்மையானது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. இவற்றோடு தனியார் மருத்துவமனைகளும் நர்சிங் கல்லூரிகளும் ஏராளம். இங்கே பணிபுரியும் செவிலியர்களில் பலர் இதே ஊர்களின் விவசாய, நெசவுக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். வார்டில் படுத்திருக்கும் ஆயாவின் கையில் இருக்கும் அதே பச்சையைத் தம் வீட்டு ஆயாவின் கையிலும் பார்த்து வளர்ந்தவர்கள்.

பழைய பச்சை

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1906-லும் 1909-லும் வெளியிட்ட நூல்களில் தென்னிந்தியப் பச்சை பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். குறவர் இனப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று பச்சை குத்தினர். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்தரைத்து மெல்லிய துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டுவார்கள். அதை விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் இட்டு ஏற்றி, மேலே புதுச்சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியின் உட்புறம் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். நான்கைந்து தையல் ஊசிகளை ஒன்றாகக் கட்டியது கருவி. குத்தி முடித்தபின் குளிர்ந்த நீரில் கழுவி, வீக்கம் வராமலிருக்க மஞ்சள் பூசுவார்கள்.

மை கறுப்புதான். தோலுக்கு அடியில் சென்றபின் மேலே உள்ள தோல் ஒளியைச் சிதறடிப்பதால் அது நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. தொழிலுக்குப் 'பச்சை' என்று பெயர் வந்ததற்கு இதுவே காரணம்.

கோலம், தாமரை, மயில், தேள், நெற்றியிலும் மோவாயிலும் புள்ளி, கையில் தெய்வத்தின் பெயர் அல்லது கணவர் பெயர் என்று பெண்கள் குத்திக்கொண்டனர். கணவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்த தலைமுறைப் பெண்களுக்குக் கையில் உள்ள எழுத்து ஓர் உதவியும்கூட: புறநோயாளிச் சீட்டு எழுதும் இடத்தில் "வீட்டுக்காரர் பேர் என்னங்க ஆயா?" என்று கேட்டால் கையை நீட்டிவிடலாம். நகை நட்டு எதுவும் கூட வராது, பச்சை மட்டும்தான் சாகும்போது கூட வரும் என்ற நம்பிக்கையும் இருந்தது. மூட்டுவலி, தசைவலி உள்ள இடத்தில் வைத்தியமாகப் பச்சை குத்திக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே முழங்கால் அருகே வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அலங்காரமாக இல்லாமல், பல ஆண்டுகளுக்கு முந்தைய வலியின் தடமாகவும் இருக்கலாம்.

பச்சைக்குக் கிடைத்த மதிப்பு அதைக் குத்தியவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1911-க்குப் பின் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் குறவர் பிரிவுகள் பலவற்றைப் பிறவிக் குற்றவாளிகள் பட்டியலில் சேர்த்தது. இன்றைய தமிழ்நாட்டுச் சீர்மரபினர் பட்டியலில் 'சேலம் மேல்நாடு குறவர்', 'சேலம் உப்புக் குறவர்' என்ற பெயர்கள் இருப்பது அதன் எச்சம். பச்சையையும் குற்றத்தையும் இணைத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு அரசும் தன் பங்கைச் செய்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சையாகக் குத்தும் தண்டனை இருந்தது. அது 1849-இல்தான் கைவிடப்பட்டது.

ஆண்களின் கை

ஆண்களிடம் பச்சை வேறு வகையில் பரவியது. வேல், அனுமார், தாயின் பெயர், காதலியின் பெயரின் முதல் எழுத்து ஆகியவை சாதாரணம். 1970-களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினர் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார். கட்சிக்குள் சிலர் எதிர்த்தும் தொண்டர்கள் பெருமளவில் குத்திக்கொண்டனர். மேற்கு மாவட்டங்களில் எழுபது வயதைக் கடந்த ஆண்கள் சிலரின் முன்கையில் இன்றும் அந்தக் கொடி மங்கலாகத் தெரியும். இரத்த அழுத்தம் பார்க்கச் சட்டைக் கையை மடித்துவிட்டால் கட்சி தெரிந்துவிடும். அதற்காக எந்தச் செவிலியரும் கட்டை மாற்றிக் கட்டப் போவதில்லை.

லாரி ஓட்டுநர்களின் பச்சைதான் நாமக்கல்லில் கனமான பொருள் பெற்றது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அடுத்த இருபது ஆண்டுகளில் நெடுந்தூர லாரித் தொழிலின் மையமான நாமக்கல், தொற்று அதிகமுள்ள மாவட்டமாக நாடு முழுவதும் பேசப்பட்டது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் இது முன்னுரிமை தரப்பட்ட 'ஏ' வகை மாவட்டங்களில் ஒன்று. ஊசி வழியாகவும் தொற்று பரவும் என்பது விழிப்புணர்வுப் பரப்புரையின் ஒரு பகுதி. பச்சை குத்தும் ஊசியும் அந்தப் பட்டியலில் இருந்தது. சொன்னது சரிதான். ஆனால் கேட்டவர்கள் மனத்தில் 'பச்சை குத்திய லாரிக்காரர்' என்றால் 'அந்த நோய் இருக்கலாம்' என்ற சுருக்கமும் பதிந்துவிட்டது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் தொற்று இல்லாத ஓட்டுநர்களும் அவர்கள் மனைவிமாரும்.

நோயாளியின் பச்சையும் செவிலியரும்

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நோயாளியின் கையில் உள்ள பச்சையைப் பார்த்து இரண்டு கையுறை போடுவதும், பச்சை இல்லாத நோயாளிக்கு வெறுங்கையால் இரத்தம் எடுப்பதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். தொற்றுள்ள இரத்தம் பட்ட ஊசி செவிலியரைக் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு வரை. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாள் வரை உயிரோடிருக்கும். இந்த நோய்கள் எதுவும் தோலில் எழுதிக்கொண்டு வருவதில்லை. அதனால்தான் எல்லா நோயாளியின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்ற பொது முன்னெச்சரிக்கை முறை வந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் (2017) இந்த முன்னெச்சரிக்கையை வலியுறுத்துகிறது. தொற்றுள்ளவரைச் சிகிச்சையில் பாகுபடுத்துவதையும் தடை செய்கிறது.

மறுபுறம், நோயாளியின் பச்சை செவிலியருக்கு உதவும் இடங்கள் உண்டு. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-லும், சங்ககிரி வழியாகக் கோவை நோக்கிச் செல்லும் 544-லும் விபத்துகள் குறைவில்லை. நினைவின்றிக் கொண்டுவரப்படுபவரிடம் பர்ஸ், செல்போன் எதுவும் இல்லாமல் போகலாம். விபத்துப் பதிவேட்டில் அங்க அடையாளங்கள் எழுதப்பட வேண்டும்; மச்சம், தழும்பு ஆகியவற்றோடு பச்சையும் அங்கே இடம்பெறும். 'வலது முன்கையில் இன்ன பெயர் பச்சை குத்தப்பட்டுள்ளது' என்ற ஒரு வரி, குடும்பத்தாரைக் கண்டுபிடிக்கக் காவல்துறைக்குப் போதுமானதாக இருக்கக்கூடும். அடையாளம் தெரியாத சடலங்கள் பற்றிய நாளிதழ் அறிவிப்புகளில் பச்சை பற்றிய குறிப்பு அடிக்கடி வருவது இதனால்தான்.

ட்ரிப்ஸ் ஏற்றும்போது சிறு சிக்கல் எழும். அடர்த்தியாகக் குத்தப்பட்ட இடத்தில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோல் சிவப்பது, வீங்குவது போன்ற முதல் அறிகுறிகளும் பச்சையின் மேல் எளிதில் புலப்படா. ஆகவே முடிந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது. ஆறாத புதுப் பச்சையின் மேல் ஊசி போடவே கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கும்முன் பச்சை உண்டா என்று கேட்பதற்கும் காரணம் இருக்கிறது: சில நிற மைகளில் இரும்பு ஆக்சைடு உள்ளதால் அரிதாகச் சூடு, எரிச்சல் ஏற்படலாம். பாட்டியின் அகத்திக் கரியில் அந்தக் கவலை இல்லை.

இரத்த தானத்தில் விதி தெளிவு. தேசிய இரத்த மாற்றுக் குழுமத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, பச்சை குத்தியவர் 12 மாதம் கழித்தே இரத்தம் தரலாம். கல்லூரி முகாம்களில் ஆர்வத்தோடு வரும் இளைஞர்கள் திருப்பி அனுப்பப்படுவதற்கு இது ஒரு காரணம். திருவிழாக் கடையில், ஒரே ஊசியும் ஒரே மைக்கிண்ணமும் பலருக்குப் பயன்படும் இடத்தில் குத்திக்கொண்டவர்கள் இந்தக் கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்வது முக்கியம்.

செவிலியரின் பச்சை

இனி கட்டிலின் மறுபக்கம். நர்சிங் கல்லூரிகளின் சீருடை ஒழுங்கு பொதுவாகக் கடுமையானது: கொண்டையில் வலை, நகப்பூச்சு கூடாது, வளையல் கூடாது, தொங்கும் காதணி கூடாது. பெரும்பாலானவற்றுக்குத் தொற்றுத் தடுப்பு சார்ந்த நியாயம் இருக்கிறது. வெளித்தெரியும் பச்சையும் இதே பட்டியலில் இயல்பாகச் சேர்த்துப் பேசப்படுகிறது. அதற்கு அந்த நியாயம் பொருந்துமா என்பது வேறு கேள்வி.

செவிலியத்தின் வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கடுமை புரியும். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கிய காலத்தில், அந்நிய ஆண்களின் உடலைத் தொடும் வேலைக்கு மகளை அனுப்பக் குடும்பங்கள் தயங்கின. மலம், இரத்தம், சீழ் ஆகியவற்றைத் தொடுவது சாதிக் கண்ணோட்டத்தில் தீட்டாகவும் கருதப்பட்டது. அந்தத் தயக்கத்தை உடைத்ததில் வெள்ளைச் சீருடைக்கும், கன்னியர் மடத்தை நினைவூட்டும் 'சிஸ்டர்' என்ற விளிக்கும் பெரும் பங்குண்டு. மரியாதையைச் சீருடை வழியாக ஈட்டிய தொழில் இது. ஆகவே மூத்த செவிலியர்களிடம் இளையோரின் பச்சை குறித்து நோயாளிகளிடம் இருப்பதைவிட அதிக எதிர்ப்பு இருந்தால், அதை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. கையில் பச்சை தெரிந்தால் ஈட்டிய மரியாதை குறைந்துவிடுமோ என்ற அச்சம் அது.

நோயாளிகளின் எதிர்வினை வயதைப் பொறுத்து மாறும். வயதான பெண்கள் முகம் சுளிப்பதைவிட விசாரிப்பதே அதிகம்: "என்ன கண்ணு, வீட்டுக்காரர் பேரா?" என்பது கண்டனமா, அக்கறையா என்று பிரித்துச் சொல்வது கடினம். அவர்கள் அறிந்த பச்சைக்கு ஓர் உறவோ ஒரு தெய்வமோ பொருளாக இருந்தது. தனக்குப் பிடித்ததால் குத்திக்கொண்டேன் என்ற பதில் அவர்களுக்குப் புதிது. நடுத்தர வயது ஆண்கள் வேறு மாதிரி பார்க்கக்கூடும். கோவில் பெயரைக் குத்திய ஆண் செவிலியருக்கு வராத விமரிசனம், கழுத்தோரம் சிறு பூ உள்ள பெண் செவிலியருக்கு வரும்.

இந்தப் பால்வேறுபாடு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 'ஜர்னல் ஆஃப் நர்சிங் அட்மினிஸ்ட்ரேஷன்' இதழில் 2012-இல் வெளியான ஆய்வில், பச்சையுள்ள, பச்சையில்லாத பணியாளர்களின் படங்கள் நோயாளிகளுக்குக் காட்டப்பட்டன. ஒரே மாதிரியான பச்சை இருந்தும் ஆணைவிடப் பெண்ணையே தொழில்முறை குறைந்தவராக நோயாளிகள் மதிப்பிட்டனர். ஆனால் 2018-இல் 'எமர்ஜென்சி மெடிசின் ஜர்னல்' வெளியிட்ட பென்சில்வேனியா ஆய்வின் முடிவு வேறு. அங்கே அவசரப் பிரிவு மருத்துவர்கள் சில நாள் ஒட்டுப் பச்சையோடும், சில நாள் போலிக் காதணி, மூக்கணியோடும், சில நாள் எதுவுமில்லாமலும் பணி செய்தனர். எதற்கான ஆய்வு என்று தெரியாமல் பதிலளித்த 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மதிப்பீட்டில் திறமை, நம்பகம், அக்கறை எதிலும் வேறுபாடு இல்லை. படத்தைக் காட்டிக் கேட்டால் குறை தெரிகிறது. வலியைத் தீர்த்தவரின் கையில் அதே குறை தெரிவதில்லை. இரண்டும் அமெரிக்க ஆய்வுகள், இரண்டாவது மருத்துவர்களைப் பற்றியது என்றாலும், முதல் நாள் முறைத்துப் பார்த்த நோயாளி மூன்றாம் நாள் அதே சிஸ்டரைத் தேடுவதை அறிந்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

வேலைவாய்ப்பில் எழுத்து வடிவ விதி தெளிவாக இருப்பது இராணுவத்தில். முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் தவிர உடலின் வேறிடங்களில் நிரந்தரப் பச்சை இருப்பவர்களை இந்திய இராணுவம் தேர்வில் ஏற்பதில்லை. மரபுவழிப் பச்சை குத்தும் பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு. மரபுப் பச்சை என்றால் ஒரு நீதி, விருப்பப் பச்சை என்றால் வேறு நீதி என்ற பொதுமக்களின் அதே பிரிவினையை இந்த விதியிலும் காணலாம். இராணுவப் பணியை விரும்பும் மாணவியர் கல்லூரிக் காலத்திலேயே இதை அறிந்திருப்பது நல்லது.

தொற்றும் முழங்கையும்

ஆறிய பச்சை கிருமியைச் சேர்த்து வைப்பதில்லை. நிறமி அடித்தோலில் இருக்கிறது. மேலே இருப்பது வழக்கமான தோல்தான். சோப்போ ஆல்கஹால் கரைசலோ அதன் மேல் எப்போதும்போல வேலை செய்யும். மோதிரம், கைக்கடிகாரம், கட்டிய கயிறு ஆகியவற்றின் அடியில்தான் கிருமி தங்கும். கோவில் கயிற்றை அவிழ்க்கச் சொல்லத் தயங்கும் வார்டில் பச்சையைப் பெரிதாகப் பேசுவது முரண்.

புதுப் பச்சை அப்படியல்ல. அது ஒரு புண். ஆற இரண்டு முதல் நான்கு வாரமாகும். அதுவரை நோயாளியின் கிருமி செவிலியருக்கும், செவிலியரின் கிருமி நோயாளிக்கும் போக வழியுண்டு. மையே கெட்டிருக்கவும் கூடும்: அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் 2011–12-இல் முன்கூட்டியே கலந்து விற்கப்பட்ட சாம்பல் நிற மையால் காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் செலோனே பலரைத் தாக்கியது. ஆகவே குத்திக்கொள்ள நினைக்கும் செவிலியர் நீண்ட விடுப்பில் குத்திக்கொள்வதும், அதற்குமுன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணையும் முடித்திருப்பதும் அறிவுடைமை.

பச்சையை முழுக்கை உள்ளாடையால் மறைக்கச் சொல்வது எளிய தீர்வாகத் தோன்றும். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2008 முதல் நேர் எதிரான விதியைக் கடைப்பிடிக்கிறது: நோயாளியைத் தொடும் எவரும் முழங்கைக்குக் கீழே எதையும் அணியக் கூடாது. நீண்ட கையின் நுனி கிருமியைச் சுமந்து செல்லும், மணிக்கட்டு வரை கழுவவும் விடாது என்பதே காரணம். அந்த விதியால் அங்குள்ள செவிலியர்களின் முன்கைப் பச்சைகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. சேலத்து வார்டிலும் மறைப்பா, கழுவலா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் கழுவலுக்கே முதலிடம்.

மருத்துவமனையே குத்தும் பச்சை

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது ஒவ்வொரு நாளும் கதிர் ஒரே இடத்தில் விழ வேண்டும். அதற்காக நோயாளியின் தோலில் கடுகளவுப் பச்சைப் புள்ளிகள் குத்தும் வழக்கம் உலகெங்கும் உள்ளது. மார்பக அறுவைக்குப்பின் காம்பின் நிறத்தை மீட்கவும், வெண்புள்ளி உள்ள உதட்டுக்கு நிறம் கொடுக்கவும், பார்வை இழந்த கண்ணின் வெண்மையை மறைக்கவும் பச்சை பயன்படுகிறது. கதிர்வீச்சுப் புள்ளியை நோயின் நினைவாகக் கருதி நீக்கச் சொல்லும் பெண்களும் உண்டு. தப்பிப் பிழைத்ததன் அடையாளமாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

அழித்தல்

திருமணப் பேச்சு, இராணுவத் தேர்வு, முறிந்த காதல் என்று பச்சையை அழிக்கத் தோல் மருத்துவரிடம் வருபவர்களுக்குக் காரணங்கள் பல. அமிலம், சுண்ணாம்பு, சூடு ஆகியவற்றால் தாமே அழிக்க முயன்று தழும்போடு வருபவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பச்சையும் அந்தத் தழும்பைவிட மேல். முறையான வழி லேசர். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. கதிர் நிறமியைத் துகளாக உடைக்கிறது, உடலின் விழுங்கு செல்கள் அதை அப்புறப்படுத்துகின்றன. சில வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவைப்படும். இடையில் தோல் வெளுக்கவோ கறுக்கவோ கூடும். கரியால் குத்திய பழைய பச்சை சில அமர்வுகளில் மங்கிவிடும். கடையில் பல நிறத்தில் குத்தியதுதான், அதிலும் மஞ்சளும் பச்சையும், எளிதில் போகாது.